எட்டும் ஒன்பதுமாய் இரண்டு சப்பாத்துகள்

என் மகளின் இடது காலைப் பற்றி எங்கள் சொந்தக்காரர்களுக்கு நாங்கள் மூன்று பொய்கள் சொல்லியிருந்தோம். அவள் பிறந்து ஆறு வாரம் யாரையும் வீட்டுக்கு வரவிடாததற்குக் குழந்தைக்குச் சளி என்றோம். நாலு வயதாகியும் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளுவதற்கு, நடக்கச் சரியான சோம்பல் என்றோம். அனுப்புகிற படங்களில் எல்லாம் அவள் என் மடியிலேயே இருப்பதற்கு, கமராவைக் கண்டால் வெட்கம் என்றோம்.

உண்மை ஒன்றுதான். அவளுடைய இடது பாதம் உள்பக்கமாகத் திரும்பியபடி பிறந்தது. லண்டன் ஆஸ்பத்திரியில் அது அவர்களுக்குப் புதிதல்ல. வாராவாரம் காலைக் கொஞ்சம் கொஞ்சமாக நேராக்கி மாவுக்கட்டுப் போட்டார்கள். ஆறாம் வாரம் குதிகாலுக்கு மேலே தசைநாரில் சின்னதாக ஒரு வெட்டு. அதற்குப் பிறகு ஒரு கம்பியின் இரண்டு முனையிலும் பூட்டிய சப்பாத்துகள், முதலில் நாள் முழுதும், பிறகு தூங்கும்போது மட்டும். ஐந்து வயதுவரை அப்படித்தான் என்றார்கள். ஒரு வயதில் பாதம் நேராகிவிட்டது. மிஞ்சியது, கொஞ்சம் மெலிந்த கெண்டைக்காலும் ஓர் அளவு சிறிய பாதமும். அதனால் ஒவ்வொரு முறையும் இரண்டு சோடி வாங்கி, ஒன்றில் இடதையும் மற்றதில் வலதையும் எடுத்துக்கொள்வோம். மிச்ச இரண்டும் அலுமாரியின் அடியில் சேர்ந்துகொண்டே போயின.

யாழ்ப்பாணத்திலிருந்து மாமி, என் கணவரின் அம்மா, தொலைபேசியில் சொன்னது எனக்கு இன்றும் அப்படியே கேட்கிறது.

"பொம்பிளைப் பிள்ளை, பிள்ளை. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. நாளைக்கு ஒரு இடம் பேசேக்க இதுதான் முன்னுக்கு வந்து நிக்கும்."

பிறந்து பத்து நாளான குழந்தைக்குக் கல்யாணம் பேசுவதா என்று எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் விஞ்ஞானம் படித்துப் பட்டம் பெற்றவள். ஆனால் "ஓம் மாமி" என்றுதான் சொன்னேன். சொன்னதை மீறாமல் நாலு வருடம் காத்தேன்.

2009 வசந்தத்தில் கடைசிப் பெரிய பரிசோதனை நடந்தது. டொக்டர் மகளை நீண்ட நடைக்கூடத்தில் ஓடவிட்டுப் பார்த்தார்.

"இனி வண்டி வேண்டாம். ஓடட்டும், ஏறட்டும், விழட்டும்" என்றார்.

எவ்வளவு தூரம் நடக்கலாம் என்று கேட்டேன். "அவளுக்கு அலுக்கும் வரைக்கும்" என்று சிரித்தார். நான் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டேன். எழுதிய கையோடு ஆஸ்பத்திரி வாசலில் அவளைத் தூக்கி வண்டியில் இருத்தினேன். பேருந்து வரை தூரம், வெயில், சனம் என்று எனக்குள்ளேயே காரணங்களை அடுக்கினேன். செப்டெம்பரில் அவள் பள்ளிக்கூடம் தொடங்க வேண்டும். பிளேஸ்டோவில் எங்கள் பிளாட்டிலிருந்து பள்ளிக்கூடம் இருபது நிமிட நடை. நாலு வயதுப் பிள்ளைகளில் வண்டியில் வரப்போகிறவள் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வண்டிக்கு ஒரு புதிய மழையுறை வாங்கினேன்.

அந்த வருடம் எங்கள் வீடுகளில் எதையும் யாரும் கொண்டாடவில்லை. ஏப்ரலிலும் மேயிலும், ஊரில் போரை நிறுத்தச் சொல்லி, பாராளுமன்றத்துக்கு எதிரே அவளையும் வண்டியில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறோம். மே முடிந்த பிறகு வீட்டில் தொலைக்காட்சி மட்டும் பேசிக்கொண்டிருந்தது. அப்போதுதான் நோர்வேயிலிருந்து என் கணவரின் அண்ணன், நான் அத்தான் என்று கூப்பிடுகிறவர், தொலைபேசி எடுத்தார்.

"நாலு வயசாச்சு, நான் இன்னும் பிள்ளையைக் கண்ணால காணேல்லை. மிஞ்சியிருக்கிற சனத்தையாவது பார்ப்பம். வாங்கோ."

மறுக்க முடியவில்லை. லண்டனுக்கு வருவதற்கு முன் என் கணவரும் ஆறு வருடம் அந்த ஊரில், பேர்கனில், மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அண்ணனோடும் அண்ணியோடும் ஒரே வீட்டில் இருந்து சாப்பிட்டவர்.

விமான நிலையத்திலேயே என் திண்டாட்டம் தொடங்கிவிட்டது. கம்பிச் சப்பாத்தைப் பெட்டியில் போட்டால் தொலைந்துவிடும் என்று கைப்பையில் வைத்திருந்தேன். பரிசோதனை இயந்திரத்தில் அது என்னவாகத் தெரிந்ததோ, காவலுக்கு நின்ற பெண் அதை வெளியே எடுத்து எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தாள். எங்கள் வரிசையில் இரண்டு தமிழ்க் குடும்பங்கள் நின்றன. அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்லாமல் நான் அவர்களைத்தான் பார்த்தேன். மகள்தான் விளக்கினாள், ஆங்கிலத்தில், மிகப் பெருமையாக: "அது என்னுடைய தூக்கச் சப்பாத்து." அந்தப் பெண் குனிந்து, "எனக்கும் ஒன்று வேண்டுமே" என்றாள். நான் அதைப் பிடுங்கிச் சால்வையில் சுற்றினேன்.

பேர்கனில் மழை. அத்தானுக்கு இரண்டு பெண் பிள்ளைகள், பதினொன்றும் எட்டும். அவர்களுக்கு நோர்வே மொழி, என் மகளுக்கு ஆங்கிலம். மூவருக்கும் பொதுவாக இருந்தது தமிழ் ஒன்றுதான். வேறு வழியில்லாமல் மூவரும் அழகான தமிழில் சண்டை பிடித்தார்கள். சின்னவள், "நாங்கள் மூண்டு பேரும் ஒண்டாப் படுப்பம்" என்றபோது நான் அவசரமாக, "இவள் உதைப்பாள், குஞ்சு" என்றேன். அது நாலாவது பொய். கதவைப் பூட்டிக்கொண்டு கம்பிச் சப்பாத்தைப் பூட்டினேன். காலையில் கழற்றித் தலையணை உறைக்குள் ஒளித்தேன்.

மூன்றாம் நாள், அக்கா இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தாள். அக்கா என்பது அத்தானின் மனைவி. அத்தான் மேசையில் ஒரு வரைபடத்தை விரித்தார்.

"நாளைக்கு மழை இல்லை. மலை ரெயிலில போறம். கடைசி ஆறு கிலோமீற்றரை நடக்கிறம். இவன் ஆறு வருசம் இஞ்ச இருந்தும் அந்த ரெயிலில ஒருநாளும் ஏறேல்லை."

"எங்க ஏறுறது?" என்றார் என் கணவர். "ஞாயிறு எண்டா நீங்கள் என்னைச் சனத்தின்ர வீடு வீடாயெல்லோ கூட்டிக்கொண்டு போனனீங்கள். கேக்கும் தேத்தண்ணியும், கேக்கும் தேத்தண்ணியும்."

"அப்ப உனக்குப் பொம்பிளை பார்க்கிற நேரமடா!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் பழைய சளிப் பொய்யையே திரும்ப எடுத்து, "பிள்ளைக்குத் தடிமன் மாதிரிக் கிடக்கு, அத்தான்" என்றேன். மகள் அந்த நேரம் பார்த்துச் சோபாவிலிருந்து குதித்தாள்.

"தடிமனுக்கு மலைக்காத்து நல்லது" என்றார் அத்தான். "வண்டியை மட்டும் விட்டிட்டு வாங்கோ. அது கல்லுப் பாதை, உருளாது."

அறைக்குள் போனதும் கணவரிடம் சீறினேன். "ஏன் பேசாமல் இருந்தனீங்கள்? ஆறு கிலோமீற்றர்!"

"அப்ப சொல்லுவமே, காலைப் பற்றி?"

"நீங்கள்தானே சொல்ல வேண்டாம் எண்டனீங்கள்."

"நானோ? அம்மா சொன்னவ. நீர் ஓம் எண்டனீர். உமக்கு அதுதான் விருப்பமாக்கும் எண்டு நான் விட்டிட்டன்."

இருவரும் கட்டிலின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம். நாலு வருடம், மற்றவர் விரும்புகிறார் என்று நினைத்து இருவரும் காத்த இரகசியம் அது. அப்படியென்றால் இப்போதே வெளியே போய்ச் சொல்லியிருக்கலாம். எனக்குத் துணிவு வரவில்லை. சொன்னால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே.

மறுநாள் காலை பெரிய ரயிலில் இரண்டு மணி நேரம் மேலே ஏறினோம். குகைக்குள் நுழைந்து வெளியே வரும்போதெல்லாம் கடல் இன்னும் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. உச்சியில் இறங்கியபோது ஆடி மாதத்திலும் பாறை இடுக்குகளில் பனி கிடந்தது. அங்கிருந்து பச்சை நிறத்தில் ஒரு மலை ரயில், இன்னொரு பக்கமாகக் கீழே இறங்குகிறது. மலையின் வயிற்றுக்குள்ளேயே திரும்பித் திரும்பி இறங்கும். ஒரு வளைவில், நாங்கள் வந்த தண்டவாளம் தலைக்கு மேலே தெரிந்தது. அத்தானின் பெரியவள் என் மகளை மடியில் வைத்துக்கொண்டு, "பார், நாங்கள் அங்க இருந்தனாங்கள், இப்ப இஞ்ச" என்று விளக்கினாள்.

ஓர் அருவிக்கு முன்னால் ரயிலை நிறுத்தி எல்லோரையும் இறங்கிப் பார்க்கவிட்டார்கள். தண்ணீர் இரைச்சலில் பேச்சே கேட்கவில்லை. எங்கிருந்தோ பாட்டு வந்தது. அருவியின் பக்கத்துப் பாறையில் சிவப்பு உடுப்போடு ஒரு பெண் தோன்றி ஆடினாள். இந்த நாட்டு மலைகளில் ஆட்களை மயக்கி அழைக்கும் ஒரு மோகினி உண்டாம், அவளைப் போல வேடமாம்.

"பாவம், நனையிறாள்" என்றாள் அக்கா. "ஒவ்வொரு ரெயிலுக்கும் ஆடவேணும். தடிமன் பிடிக்கப்போகுது."

மகள் கேட்டாள், "அம்மா, அவ அந்தக் கல்லில எப்படி நடந்து போனவ?"

"பழகியிருப்பா."

"நானும் பழகுவன்."

நான் அவளுடைய இடது சப்பாத்தின் பட்டியை இன்னொருமுறை இறுக்கினேன். காலையிலிருந்து அது ஐந்தாவது தடவை.

பள்ளத்தாக்கின் அடிவாரத்துக்குக் கொஞ்சம் முன்பாக, ஒரு பலகைக் கொட்டில் மட்டுமே இருந்த தரிப்பிடத்தில் நாங்கள் ஏழு பேரும் இறங்கினோம். கையைக் காட்டினால் மட்டுமே ரயில் நிற்கிற இடம் அது. ரயில் போனதும் ஆற்றின் சத்தம் மட்டும். இரண்டு பக்கமும் மலை நேராக எழுந்து நின்றது. நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலித்தது. பாதை ஆற்றோடு கூடவே இறங்கியது. ஆற்றுத் தண்ணீர் கண்ணாடிப் போத்தலின் பச்சை.

மற்றவர்கள் மலையைப் பார்த்தார்கள். நான் ஒரு காலைப் பார்த்தேன். குதி முதலில் படுகிறதா, விரல் உள்ளே திரும்புகிறதா, கல்லில் வைக்கும்போது சரிகிறதா. அந்த ஊரின் அழகைப் பற்றி யாராவது என்னிடம் கேட்டால், முதல் இரண்டு கிலோமீற்றரில் நான் கண்டது ஒரு சிவப்புச் சப்பாத்து மட்டும்தான்.

அவளோ நடந்தாள். பழுப்பு நிற ஆடுகள் பாதையை மறித்தபோது பெரியவளோடும் சின்னவளோடும் சேர்ந்து அவற்றை விரட்டினாள். ஆடுகள் அக்கா பொரித்துப் பையில் கொண்டுவந்த றோல்ஸுக்காகத் திரும்பி வந்தன. "சீ, மரக்கறி இல்லை, மாட்டிறைச்சி!" என்று அக்கா அவற்றுக்குத் தமிழில் விளக்கம் சொன்னாள்.

பாதி வழியில் ஒரு பெரிய பாறையில் உட்கார்ந்து றோல்ஸும் பிளாஸ்கில் கொண்டுவந்த பால்தேத்தண்ணியும் எடுத்தோம். மகளின் சப்பாத்துக்குள் கல் போய்விட்டது. நான் எழும்புவதற்குள் சின்னவள் இரண்டு சப்பாத்துகளையும் கழற்றித் தட்டிக்கொண்டிருந்தாள். திருப்பிப் பார்த்தாள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"அப்பா, இஞ்ச பாருங்கோ. ஒண்டில எட்டு எண்டு கிடக்கு, மற்றதில ஒன்பது!"

அத்தான் வாங்கிப் பார்த்துப் பெரிதாகச் சிரித்தார். "லண்டன் கடைக்காரன் உங்களை நல்லா ஏமாத்திப்போட்டான்! சோடி மாத்தித் தந்திருக்கிறான், நீங்களும் பார்க்காமல் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறியள்."

ஐந்தாவது பொய் ஆயத்தமாக என் முன்னால் இருந்தது. நான் யோசிக்கக்கூடத் தேவையில்லை. "ஓம் அத்தான்" என்று தலையாட்டினால் போதும். வாயைத் திறந்தும் விட்டேன்.

மகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் பாதி றோல்ஸ், பாறையில் தொங்கும் வெறுங்கால்கள். சப்பாத்து ஏன் அப்படி என்று அவளுக்குத் தெரியும். கடையில் அவளே சொல்லிக் கேட்பாள், ஒரு எட்டு, ஒரு ஒன்பது என்று. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தாள். இப்போது நான் தலையாட்டினால், தன் கால் பொய் சொல்லி மறைக்கவேண்டிய ஒன்று என்று இந்தப் பாறையில் வைத்து அவள் அறிந்துகொள்வாள்.

"இல்லை அத்தான்" என்றேன். "நான்தான் வேறவேறயா வாங்கினனான். அவவுக்கு இடது கால் வளைஞ்சு பிறந்தது. மாவுக்கட்டுப் போட்டு நேராக்கினவை. அந்தக் கால் கொஞ்சம் சின்னன்."

மகள்தான் தொடர்ந்தாள். "நான் இரவில கம்பிச் சப்பாத்துப் போடுறனான். தலையணைக்குள்ள கிடக்கு. அம்மா ஒளிச்சு வைச்சவ." காலைத் தூக்கிக் குதிகாலின் மேலிருந்த சின்னத் தழும்பையும் காட்டினாள். சின்னவள் அதைத் தொட்டுப் பார்த்து, "நோகுமோ?" என்றாள். "இல்லை, கூசும்" என்றாள் இவள். அவர்களுக்கு அவ்வளவோடு விஷயம் முடிந்தது.

அத்தானின் முகம் மாறிவிட்டது. "ஐயோ, ஏன் முந்திச் சொல்லேல்லை? நான் அறியாமல் பிள்ளையை மூண்டு கிலோமீற்றர் இழுத்துக்கொண்டு வந்திட்டன்." எழும்பி வரைபடத்தைப் பார்த்தார். "கொஞ்சம் கீழ இன்னொரு தரிப்பு இருக்கு. கையைக் காட்டி ரெயிலை மறிப்பம். நான் தூக்கிக்கொண்டு வாறன்."

குனிந்து கைகளை நீட்டினார். நாலு வருடமாக நான் செய்துவந்தது அதேதான். வேறொருவர் செய்யும்போதுதான் அது எப்படி இருக்கிறது என்று பார்த்தேன். மகள் அவருடைய கைக்குள் போகவில்லை. எட்டை இடது காலிலும் ஒன்பதை வலது காலிலும் தானே மாட்டிப் பட்டியை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், என் கணவரும். நாளைக்குக் கால் வீங்கினால்? திரும்பவும் வளைந்தால்? ஆனால் கொப்பியில் நானே எழுதிவைத்த வரியும் நினைவில் இருந்தது.

"வேண்டாம் அத்தான்" என்றேன். "டொக்டர் ஓடச் சொன்னவர். நான்தான் நடக்கவே விடேல்லை. அவள் நடப்பாள்."

பாறையிலிருந்து எழும்பியதிலிருந்து அக்கா என்னோடு பேசவில்லை. முன்னால் தனியே நடந்தாள். அவளுக்குக் கோபம் என்று எனக்குத் தெரிந்தது. பழுப்பு நிற மரத் தேவாலயம் ஒன்றைக் கடந்த பிறகு நின்றாள், நான் கிட்ட வரும்வரை.

"அந்த ஆறு கிழமையும் நீ ஆரோட இருந்து அழுதனீ?" என்றாள்.

பதிலுக்குக் காத்திராமல் அவளே தொடர்ந்தாள்.

"ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் பிள்ளையளை இவரோட விட்டிட்டு வந்து நிண்டிருப்பன். சளியெண்டு சொன்னனீ. நான் நம்பி, இஞ்ச இருந்து வேர்க்கொம்பு அனுப்பினனான்."

அந்தச் சுக்குப் பொதி எனக்கு நினைவு வந்தது. அதற்கு நன்றிகூடச் சொல்லியிருந்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அக்கா அதற்கு இடம் கொடுக்காமல் முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அங்க பார், உன்ர மகளை" என்றாள்.

பாதை திரும்பியதும் மலைகள் விலகின. நடுவே கடல். மலைகளுக்குள் நுழைந்து வந்து, போக வழியில்லாமல் அமைதியாகிவிட்ட கடல். ஃபியோர்ட் என்று கேள்விப்பட்டிருந்தேன். அது இத்தனை சத்தமில்லாதது என்று யாரும் சொன்னதில்லை. அதை நோக்கி மூன்று பெண் பிள்ளைகள் ஓடினார்கள். நடுவில் ஓடியது என்னுடையவள். நான் "மெதுவா" என்று கத்தவில்லை. கத்தாமல் இருப்பதற்காகக் கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். என் கணவர் அதைப் பார்த்துச் சிரித்தார். அவருடைய கண்ணும் நனைந்திருந்தது.

தண்ணீர் ஐஸ் போல இருந்தது. மூவரும் கால் நனைத்தார்கள், கத்தினார்கள், திரும்பவும் நனைத்தார்கள். அக்கா என் மகளைக் கல்லில் இருத்தி, இடது பாதத்தைத் தன் மடியில் வைத்துச் சால்வையால் துடைத்தாள். விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். "ஆறு கிலோமீற்றர் நடந்த கால்" என்றாள். "இல்லை பெரியம்மா, ஓடினது" என்று மகள் திருத்தினாள். அத்தான் படம் எடுத்தார். அவள் நிற்கிற முதல் படம் அது, வெறுங்காலோடு, ஒரு கெண்டைக்கால் மற்றதைவிட மெலிந்தது தெளிவாகத் தெரியும்படி.

அன்று இரவு பிள்ளைகள் மூவரும் ஒன்றாகத்தான் படுத்தார்கள். கம்பிச் சப்பாத்தைப் பூட்டியது பெரியவள்.

மறுநாள் காலை மாமிக்குத் தொலைபேசி எடுத்தேன். மலை, ரயில், அருவி எல்லாம் சொன்னேன். "உங்கட பேத்தி ஆறு கிலோமீற்றர் நடந்தவள், மாமி."

மாமி குரலைத் தாழ்த்தினார். "ஆருக்கும் சொன்னனீயே?"

"ஓம் மாமி. எல்லாருக்கும் சொன்னனான்."

மாமி திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "கால் நோகுதெண்டு சொன்னவளோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். "எண்ணெய் பூசிவிடு" என்றார்.

செப்டெம்பரில் பள்ளிக்கூடம் தொடங்கியது. தள்ளுவண்டியைப் புதிய மழையுறையோடு கீழ் பிளாட்டில் பிறந்த குழந்தைக்குக் கொடுத்துவிட்டேன். இருபது நிமிட நடையில் அவள் எனக்கு முன்னால் போகிறாள். சந்தியில் நின்று, கையை நீட்டி என்னைக் கூட்டிக்கொண்டு கடக்கிறாள். இப்போதும் மாலையில் அவளுடைய சப்பாத்தின் அடி எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று திருப்பிப் பார்க்கிறேன். அந்தப் பழக்கம் என்னைவிட்டுப் போகாது போல.

அத்தான் அனுப்பிய படம் எங்கள் வரவேற்பறைச் சுவரில் இருக்கிறது. வருகிறவர்கள் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்ப்பார்கள். சிலர் உற்றுப் பார்த்து, "என்ன, பிள்ளையின்ர ஒரு கால் கொஞ்சம்..." என்று இழுப்பார்கள்.

"ஓம்" என்று நான் தொடங்குவேன். "அந்தக் காலிலதான் அவள் மலையில இருந்து கடல் வரைக்கும் நடந்தவள்."